சிவப்பு மையால் வெட்டிய பெயர்கள்

2013 ஜனவரி 22, செவ்வாய்

ஊராட்சிக் கடிதம் வந்துவிட்டது. மார்ச் 14, பின்னேரம் நான்கு மணி, குடியுரிமை நேர்முகம். நான், இவர், மகள் அனோஜா மூன்று பேரும் போகவேண்டும். இடம், ஊராட்சிக் கட்டடம், முதலாம் மாடி, கூட்ட மண்டபம். பஸ் நிறுத்தத்தில் இறங்கி இடப்பக்கம் திரும்பவேண்டும் என்று வழியும் போட்டிருக்கிறார்கள்.

அந்த மண்டபத்தைப் பதினொரு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் நான்தான் கூட்டித் துடைக்கிறேன். எந்தக் கதிரையின் கால் ஆடும், எந்த யன்னல் இறுகும் என்று அங்கே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தை வாசித்துவிட்டு அங்கேதான் வேலைக்குப் போனேன். கடிதத்தில் கையெழுத்திட்ட அதே அம்மா எதிரே வந்து, மலசலகூடத்தில் கடதாசி முடிந்துவிட்டது என்றார்.

கடிதத்தோடு ஒரு புத்தகமும் வந்தது. ‘நமது பள்ளத்தாக்கு’, அறுபத்து நான்கு பக்கம். மெர்லன்தாலின் புவியியல், வரலாறு, பழக்கவழக்கங்கள். இதிலிருந்து கேட்பார்களாம். அனோஜா பிறந்தது இந்தப் பள்ளத்தாக்கின் வாசலில் உள்ள ஆஸ்பத்திரியில். பதினேழு வயது. பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் அது பிறந்த இடம் எங்கே என்று கேட்கப்போகிறார்கள்.

இவருக்கு ஹோட்டல் சமையலறையில் இன்று லீவு. கடிதத்தைப் பார்த்து, “நல்லது, கூப்பிட்டிட்டாங்கள்” என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் நல்லதுதான்.

2013 பெப்ரவரி 3, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டு யன்னலில் வெயில் விழுந்தது. பதினொரு நிமிடம். மெர்லன்தால் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. வடக்குச் சரிவுக்கு வெயில் பக்கம் என்று பெயர், தெற்குச் சரிவுக்கு நிழல் பக்கம். நவம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி தொடக்கம்வரை நிழல் பக்கத்தில் சூரியன் மலைக்கு மேலே எழும்புவதில்லை. புத்தகத்தில் எட்டாம் பக்கம். எங்களுக்கு அதைப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் நிழல் பக்கம்தான்.

இவரும் நானும் மேசையில் இருந்து மாறி மாறிக் கேள்வி கேட்டோம். உயர்ந்த சிகரம் எது? ஸ்டைன்ஹோர்ன். ஆறு எங்கே தொடங்குகிறது? ஸ்டைன்ஹோர்ன் பனியாற்றின் வாயில். மெர்லா ஆற்றில் விழும் ஓடைகள் எத்தனை? ஏழு. இவர் ஐந்துக்கு மேல் போகமாட்டார். நான் ஏழையும் சொன்னேன்.

“உமக்கு எப்பிடி உவ்வளவு கெதியாப் பாடமாச்சு?”

நான் பாடமாக்கவில்லை. கூட்ட மண்டபத்தின் மூலையில் பள்ளத்தாக்கு முழுவதையும் சாந்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். மலை, பிளவு, ஓடை எல்லாம் விரலால் தடவிப் பார்க்கலாம். தூசி மேட்டில் நிற்காது, பள்ளத்தில்தான் போய் அடையும். ஏழு ஓடைகளையும் நான் ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் துடைத்திருக்கிறேன். கடைசி ஓடை மிகவும் ஒடுக்கம், அதற்குச் சின்னவிரல் வேண்டும்.

2013 பெப்ரவரி 7, வியாழன்

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி. “1854ஆம் ஆண்டு, துணிவும் சாகச மனமும் கொண்ட நாற்பத்து மூன்று பேர் நமது பள்ளத்தாக்கிலிருந்து அமெரிக்காவில் புதுவாழ்வு தேடிச் சென்றனர்.” வேறொன்றும் இல்லை. யார், எந்த வீடு, போய்ச் சேர்ந்தார்களா, ஒன்றும் இல்லை. அடுத்த வரி வெண்ணெய்க்கட்டி பற்றியது.

வியாழக்கிழமைப் பின்னேரம் ஊராட்சி ஆவணக் காப்பகம் எல்லோருக்கும் திறந்திருக்கும். பொறுப்பாக இருப்பவர் ஊர்சுலா லோரெட்ஸ் என்ற அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வேலை முடிய மேலங்கியைக் கழற்றிவிட்டுப் போனேன். நான் தூசி துடைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரையிலிருந்து எழும்பினார். “இல்லை, வாசிக்க வந்தனான்” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

குடிகள் பதிவேட்டை எடுத்து வந்தார். தோல் அட்டை, பழைய எழுத்து, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. விரல் வைத்து அவரே வாசித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கி மூன்று பக்கம். நாற்பத்து மூன்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் “உரிமை நீங்கியது”.

அவர்கள் சாகசத்துக்குப் போகவில்லை. உருளைக்கிழங்கு அழுகி வருடக்கணக்காகப் பஞ்சம். ஊர் உதவியில் சாப்பிட்டவர்களை ஊராட்சியே ஒரு காட்டை விற்றுக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறது. திரும்பி வருவதில்லை, இந்த ஊர்க்காரர் என்று இனிச் சொல்வதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறது. கையெழுத்து வைக்கத் தெரியாதவர்கள் சிலுவை போட்டிருக்கிறார்கள். மூத்தவருக்கு எழுபத்தொரு வயது. எழுபத்தொரு வயதில் என்ன சாகசம்?

“கிரெசென்சியா அம்பூல், வயது பத்தொன்பது, கைக்குழந்தையுடன், கணவன் பெயர் இல்லை, மரக்காலை வீடு” என்று ஊர்சுலா வாசித்தார். மரம் அரிகிற அந்த மரக்காலை இப்போதும் அம்பூல் குடும்பத்திடம்தான் இருக்கிறது. அலோயிஸ் அம்பூல் குடியுரிமைக் குழுத் தலைவர்.

“உங்கட ஊரிலயும் இப்பிடி ஒரு பதிவேடு இருந்ததா?” என்று ஊர்சுலா கேட்டார்.

இருந்தது என்றேன். இப்போது எங்கே என்றார். தெரியாது என்றேன். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழும்பிவிட்டேன். நேரம் ஆகவில்லை.

2013 பெப்ரவரி 9, சனி

இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. படிக்கட்டை இரண்டு தரம் வழித்தேன். தோசைமா இன்றும் புளிக்கவில்லை.

2013 மார்ச் 14, வியாழன்

மேசையைக் காலையில் நான்தான் போட்டேன். குழுவுக்கு ஐந்து கதிரை, எதிரே மூன்று. தண்ணீர்க் கிளாசும் வைத்தேன். எங்கள் பக்கம் கிளாஸ் வைக்கச் சொல்லவில்லை. ஆடுகிற கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்தேன். எங்கள் பக்கமே போட்டு அதில் நானே இருந்தேன்.

இவரிடம் உயர்ந்த சிகரம் கேட்டார்கள். சொன்னார், சிரித்தார். இன்று நீங்கள் இல்லாமல் ஹோட்டல் நன்றாக நடக்கிறதா என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அனோஜா இங்கத்தைய பேச்சுமொழியில் பொழிந்தாள். குழுவில் இருந்த பள்ளி வாத்தியார் அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு நான். ஓடைகள் கேட்டார்கள், ஏழும் சொன்னேன். 1951ஆம் ஆண்டுப் பனிச்சரிவு எந்த வழியாக இறங்கியது என்றார்கள், எழும்பிப் போய்ச் சாந்து மலையில் விரல் வைத்துக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அம்பூல் புத்தகத்தைப் புரட்டி, “1854இல் சிலர் ஏன் அமெரிக்கா போனார்கள்?” என்று கேட்டார்.

சாகச மனம் என்று சொன்னால் முடிந்தது. இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

“அவர்களை ஊராட்சி அனுப்பியது” என்றேன். “ஏழைகள் என்று அனுப்பியது. பெயரை வெட்டிப்போட்டு அனுப்பியது.”

“புத்தகத்தில் அப்படி இல்லையே.”

“பதிவேட்டில் இருக்கிறது.”

“யார் உங்களுக்கு அதைக் காட்டியது?”

“வியாழக்கிழமைகளில் காப்பகம் திறந்திருக்கிறது. யாரும் பார்க்கலாம்.”

அம்பூல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “திருமதி குணநாயகம், நீங்கள் குடியுரிமை கேட்டு வந்திருக்கிறீர்கள். எங்கள் முன்னோரைக் குற்றம் சொல்ல வரவில்லை.”

“நீங்கள் வரலாறு கேட்டீர்கள். நான் சொன்னேன்.”

அவருடைய வீட்டுப் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஐந்து பேருக்கு முன்னால் ஒரு மனிதனுக்கு அதைச் சொல்லக்கூடாது என்று பட்டது. அவருக்கு அப்படி ஒன்றும் படவில்லை. எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். ஒன்றிலும் இல்லை என்றேன். மலையேறுவீர்களா என்றார். வேலை என்றேன்.

எல்லோரும் போனபின் கிளாசுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

2013 மார்ச் 15, வெள்ளி

இவரோடு கதைக்கவில்லை. மண்டபம் துடைத்தேன்.

2013 ஏப்ரல் 11, வியாழன்

இவருக்கு ஓம். அனோஜாவுக்கு ஓம். எனக்கு இல்லை.

காரணம் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, ஊர்ச் சங்கங்களில் பங்குபற்றவில்லை. இரண்டு, பள்ளத்தாக்கின் இயற்கையை நேரில் அறிய ஆர்வம் காட்டவில்லை. மூன்று, “ஊராட்சியின் வரலாறு தொடர்பாக எதிர்மறையான மனநிலை.” சங்கங்கள் கூடுவது பின்னேரம். கூட்டம் முடிந்து அவர்கள் போனபிறகு கோப்பை கழுவுகிறவள் எப்படிப் பங்குபற்றுவது? இவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்? இவரைக் கேட்கவே இல்லை. சிரிக்கிறவனைக் கேட்கமாட்டார்கள்.

கடிதத்தில் என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.

2013 ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. பால்பொங்கல் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

சாப்பிடும்போது இவர் தொடங்கினார். “இஞ்சரும், ஒரு கடிதம் எழுதிக் குடுப்பம். அண்டைக்குப் பதட்டத்தில பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு. அடுத்த முறை விடுவாங்கள்.”

“எது பிழை?”

“பிழை எண்டில்லை. எங்களுக்கேன் தேவையில்லாத வேலை? நாங்கள் வந்து இருக்கிற ஆக்கள்.”

“இருபத்திரண்டு வருசமா வந்து இருக்கிறமோ? எப்பதான் வந்து முடிப்பம்?”

அனோஜா கரண்டியை வைத்தாள். “அம்மா, அந்த அம்பூலின்ர சொந்தப் பேரே லிஸ்டில இருக்கெண்டு சொன்னீங்களெல்லே. அதை அப்பீலில எழுதுங்கோ. பேப்பருக்கும் குடுப்பம். ஆள் தலை நிமிர ஏலாது.”

“அந்தப் பெட்டைக்குப் பத்தொன்பது வயது. கையில பிள்ளை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவளைத் தெருவில இழுத்து நான் பாஸ்போட் எடுக்கிறதோ?”

அனோஜா கரண்டியைத் திரும்ப எடுத்தாள். இவர் பொங்கலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உம்மட கோபம் அந்த நாப்பத்திமூண்டு பேருக்காக மட்டுமெண்டு எனக்குப் படேல்ல.”

என்ன சொல்ல வருகிறார் என்று விளங்கவில்லை. சட்டியைத் தேய்த்து முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது.

2013 மே 2, வியாழன்

மேன்முறையீடு அனுப்பிவிட்டேன், மாநிலத் தலைநகருக்கு, பதிவுத் தபாலில். நானே எழுதினேன். அனோஜா இலக்கணம் மட்டும் திருத்தினாள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னதால் ஒருவருக்கு வரலாறு தெரியாது என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா, இதுதான் சாரம். பதிவேட்டின் மூன்று பக்கத்தையும் ஊர்சுலா பிரதி எடுத்து முத்திரை குத்தித் தந்தார். “அம்பூல் கேட்டால் நான்தான் தந்தேன் என்று சொல்லுங்கோ. நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருசம். என்ன செய்யப்போகினம்?”

மரக்காலை வீட்டுப் பெயருக்குக் கீழே நான் கோடு போடவில்லை. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

2013 ஜூலை 21, ஞாயிறு

இயற்கையை அறியவில்லையாம். இன்று போய் அறிந்துவிட்டு வந்தேன். மூன்று பேரும் முதல் பஸ்ஸில் ஒபர்மெர்லன் போய், அங்கிருந்து கணவாய்வரை நடை. நாலரை மணித்தியாலம். ஊர்சுலா தன்னுடைய மலைச் சப்பாத்தைத் தந்திருந்தார், ஒரு அளவு பெரிது, இரண்டு காலுறை போட்டேன்.

மரங்கள் முடிந்து புல், புல் முடிந்து கல். பனியாறு புத்தகத்துப் படத்தில் கிராமத்தின் தலையில் நிற்கிறது, நேரில் பார்த்தால் வெகு மேலே, சாம்பல் பிடித்து ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் வெறும் கல்லும் சேறும். இவர் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மலையேறுகிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வாசனை பிடித்துப் பக்கத்தில் வந்து இருந்தது, அவர்களுக்கும் கொடுத்தோம்.

அந்த நாற்பத்து மூன்று பேரும் போனது இந்தக் கணவாயால்தான். அப்போது கீழே வண்டிப்பாதை இல்லை. மேலே நின்று திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது, கோயில் கூம்பு, மெர்லா, நிழல் பக்கத்து வீடுகள். கடைசியாக ஒருதரம் பார்த்திருப்பார்கள். பார்க்க விட்டார்களோ தெரியாது. ஊரைவிட்டு வந்தபோது எங்களுக்கு அப்படி ஒரு மேடு இருக்கவில்லை. ஊர் முழுக்கப் பனைதான்.

உச்சியில் மாடு தாண்டாமல் இருக்க முள்ளுக்கம்பி அடித்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் ஊரையும் இப்படித்தான் கம்பி அடித்து மூடி வைத்திருக்கிறார்கள். அனோஜா “அம்மா, என்ன?” என்று வந்தாள். கால் நோகுது என்றேன். இவர் பிள்ளையைத் தடுத்து, “விடு, அம்மா நிக்கட்டும்” என்றார்.

சப்பாத்து இரண்டு குதிகாலையும் வெட்டிவிட்டது.

2013 செப்டெம்பர் 19, வியாழன்

மாநிலத்தின் முடிவு வந்தது. குழு சொன்ன காரணங்கள் சட்டத்துக்கு நிற்காதாம். என் விண்ணப்பத்தை ஊர்க்கூட்டத்தின் வாக்குக்கு விடவேண்டுமாம். ஒன்பது பக்கத்தில் “மன்னிக்கவும்” என்று ஒரு சொல் இல்லை. இவர் ஹோட்டலிலிருந்து கேக் கொண்டுவந்தார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

2013 நவம்பர் 29, வெள்ளி

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். விண்ணப்பித்தவர்கள் வெளியே நிற்கவேண்டும் என்பது விதி. பனி தூறிக்கொண்டிருந்தது. தன்னுடையது எப்போதோ முடிந்திருந்தும் இவர் என்னோடு வந்து வெளியே நின்றார்.

உள்ளே என்னைப் பற்றிக் கதைத்தார்கள். சத்தம் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. ஒரு தரம் யாரோ சிரித்தார்கள். மாட்டைச் சந்தையில் கட்டிவிட்டு விலை பேசுகிற மாதிரி. இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அறுபத்து நாலுக்கு நாற்பத்தொன்பது. ஏற்றுக்கொண்டார்களாம்.

நான் உள்ளே போனதும் கை தட்டினார்கள். தட்டுகிறவர்களில் நாற்பத்தொன்பது பேர் யார் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஊராட்சித் தலைவர் கை கொடுத்து, “இனி இது உங்கள் வரலாறும்தான்” என்றார்.

“அப்படியென்றால் நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்துங்கள்” என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

2014 செப்டெம்பர் 16, செவ்வாய்

மாநிலம், மத்திய அரசு எல்லாம் முடிந்து பத்திரம் கைக்கு வந்தது. “மெர்லன் ஊராட்சியின் குடி” என்று என் பெயர், ஒரு பிழையும் இல்லாமல். பதிவேடு இப்போது கணினியில். சிவப்பு மை வேண்டியதில்லை, ஒரு விசை போதும்.

மண்டபம் துடைத்து முடித்துக் கீழே ஊராட்சிக் கந்தோரில் ஒரு விண்ணப்பப் பாரம் கேட்டேன். ஊர்க்கூட்டத்துக்குப் பிரேரணை கொண்டுவருகிற பாரம். நேர்முகக் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே அம்மா, “அது இந்த ஊர்க் குடிகளுக்கு மட்டும்” என்றார்.

பத்திரத்தை மேசையில் வைத்தேன். அவர் அதை வாசித்தார். பிறகு பாரத்தைத் தந்தார்.

1854இல் வெட்டிய நாற்பத்து மூன்று பெயரையும் திரும்பக் குடிகள் பதிவேட்டில் எழுதவேண்டும், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி போடவேண்டும். இவ்வளவுதான் எழுதினேன்.

2014 நவம்பர் 28, வெள்ளி

இன்று உள்ளே இருந்தேன். கால்வாய் திருத்தம், பள்ளிக்கூடக் கூரை, அதற்குப் பிறகு என் பிரேரணை. விளக்கம் சொல்லலாம் என்றார்கள். விளக்கம் இல்லை, பெயர்களை மட்டும் வாசிக்கிறேன் என்றேன்.

வாசித்தேன். பெயர், வயது, வீடு. சிலர் ஆரம்பத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பெயர் போக நிமிர்ந்தார்கள், தங்கள் தங்கள் வீட்டுப் பெயர் வரத்தொடங்கியதும். முப்பத்தொன்றாவது பெயர் வந்தபோது நான் எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கிரெசென்சியா அம்பூல், பத்தொன்பது, கைக்குழந்தையுடன், மரக்காலை வீடு.” மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில்தான் வாசித்தேன். யாரோ கதிரையை நகர்த்திய சத்தம்.

நாற்பத்து மூன்றாவது பெயருக்குப் பிறகும் என் வாயில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. மகேசக்கா. சின்னத்துரை மாமா. இன்னும். எங்கள் ஊர்ப் பெயர்கள், கடதாசியில் இல்லாதவை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பழசைக் கிளறி யாருக்கு லாபம் என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். நேற்று வந்தவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்றார் இன்னொருவர். பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள்.

என் கையை உயர்த்தினேன். எனக்குப் பக்கத்தில் இன்னொரு கை. இவர். இருபத்து மூன்று வருடமாக எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்த மனுசன், இன்று சிரிக்கவில்லை. தோளுக்கு மேலே நேராக உயர்த்திக்கொண்டு எண்ணி முடியும்வரை இறக்கவில்லை. அனோஜா, ஊர்சுலா, பள்ளி வாத்தியார் அம்மா. நான் நினைக்காத சில கைகளும்.

ஐம்பத்திரண்டு ஓம், ஐம்பத்தேழு இல்லை. அம்பூல் இரண்டுக்கும் கை உயர்த்தவில்லை.

வரும் வழியில் இவர் சொன்னார், “அஞ்சு பேர்தான்.” பிறகு கொஞ்சத் தூரம் நடந்து, “மகேசக்கான்ர பேரைச் சொன்னனீர், கேட்டது” என்றார்.

நான் சத்தமாகச் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

2014 டிசெம்பர் 2, செவ்வாய்

ஐந்து பேரும் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறார்கள். முதலாம் மாடி நடையைக் கோபத்தோடு துடைத்துக்கொண்டிருந்தேன். காலை எட்டரை. அம்பூல் படியேறி வந்தார். மரத்தூள் ஒட்டின உடுப்பு, மரக்காலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். வாளிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“நூற்றுப் பன்னிரண்டில் தொடங்குகிறது. உங்களுடையது நூற்றுப் பதினான்கு, மேலிருந்து நாலாவது.”

“நேர்முகத்தன்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நடையின் முடிவில் போய்க் காப்பகக் கதவைத் தட்டினார். இன்று வியாழன் இல்லை, ஆனாலும் ஊர்சுலா உள்ளே இருந்தார், கதவைத் திறந்துவிட்டார். நான் நடை முழுவதையும் துடைத்து முடித்துவிட்டு, மாடிப்படியைத் தொடங்கி அதையும் பாதி முடித்துவிட்டேன். அப்போதுதான் வெளியே வந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

“குழந்தையின் பெயரை எழுதவில்லை” என்றார்.

“இல்லை. எழுதவில்லை.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “வரும் கோடைக் கூட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டாவது கையெழுத்து நான் போடுகிறேன்.”

மன்னிப்பு என்ற சொல்லை இந்த ஊரில் ஒருவரும் படிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு எதிராகக் கையெழுத்திட்ட அதே கை. நன்றி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

“நிலம் ஈரம்” என்றேன். “கரையாலே போங்கள்.”

கரையாலேதான் போனார்.